நோம்பு டீம் தோற்ற விதம்

என் பிரியத்துக்குரிய வேலு மச்சானுக்கு,

நல்ல சேதியாக இருந்தால் உன் சைக்கிள் கடை வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். என் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியாதா? வெட்கக்கேடான சேதி என்பதால்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி தங்கராசுவை நம் ஃபுட்பால் கிளப் டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள். பார், எழுதும்போதே பொய் வருகிறது. தூக்கச் சொன்னவன் நான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். ஊரறியச் செய்துவிட்டு உன்னிடம் மட்டும் ரகசியமாக மன்னிப்புக் கேட்பது என்ன நியாயம்?

நம் சண்டைகளை நினைத்துக்கொள்கிறேன். நான் கராம்பு மூட்டையைக் கடையில் இறக்கிப் போட்டுவிட்டு உன் கடைக்கு ஓடிவருவேன். நீ தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பாய். வந்து நின்றதும் நான் ஆரம்பிப்பேன். "சென்டர் ஃபார்வர்ட் இல்லாத டீம் என்னத்துக்குடா? காசு குடுத்துக் கொழும்புல இருந்து ஆளக் கொண்டு வாங்க!"

நீ தலையைத் தூக்கவே மாட்டாய். "பதினோரு பேர வச்சி ஒரு மேட்ச் ஆடலாம் மச்சான். ஒரு வருசம் ஆட முடியுமா? அடுத்த பதினோரு பேரு எங்க?"

"நல்லவன் ஒருத்தன் போதும்!"

"அந்த ஒருத்தனுக்குச் சம்பளம் குடுத்தா, மத்தவன் தன் கையில இருக்கிற பணிசப் பார்த்து யோசிக்க ஆரம்பிச்சிருவான்."

நம் ஆட்களுக்கு நாம் கொடுத்ததெல்லாம் பஸ் காசும் ஒரு பிளேன்டீயும் கடித்துக்கொள்ள ஒரு பணிசும்தானே. எல்கடுவத் தோட்டத்திலிருந்து தங்கராசு அதற்காகவா இறங்கி வந்தான்? தேயிலை பெக்டரியில் வேலை முடித்துவிட்டு, பஸ் தவறினால் மலையிலிருந்து நடந்தே வந்து, சென்டர் ஹாஃபில் நின்று தொண்ணூறு நிமிடம் வாயைத் திறக்காமல் ஆடிவிட்டுப் போவான். ரெஃப்ரி அநியாயமாக விசில் ஊதினால்கூட ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து வெளியில் நின்று நான்தான் ஏசுவேன்.

நம் டீமின் பலமே உன் மூளையில் உதித்ததுதான். நோன்பு மாதத்தில் எங்கள் பையன்கள் சோர்ந்துவிடுவார்கள் என்று அந்த மாதத்து ஆட்டங்களில் உங்கள் பையன்களை இறக்குவாய். மாசி மகத்துக்குத் தேர் வடம் பிடிக்க உங்கள் பையன்கள் போய்விட்டால் எங்கள் பையன்களை இறக்குவாய். முன்னதற்கு நோம்பு டீம் என்று பெயர், பின்னதற்குத் தேர் டீம். கண்டியிலிருந்து வந்த ஒருவர் நோம்பு டீமில் ஒரு நோன்பாளிகூட இல்லாததைப் பார்த்துக் குழம்பிப்போனதும், நீ அவரை மடக்கி உட்கார வைத்து விளக்கியதும் நினைவிருக்கிறதா? அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து பெருமையாகத்தான் சிரித்தேன்.

'டிரான்ஸ்பர்' என்ற சொல்லை உன் கடைக்குக் கொண்டு வந்தவனும் நான்தான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் வந்து, அவர்களுக்கு இந்தியா பாஸ்போர்ட் வர ஆரம்பித்த காலம். நம் லெஃப்ட் விங் ஆடிய பையன் குடும்பத்தோடு கப்பலேறப் போகிறான் என்று கேள்விப்பட்டதும், "அவனுக்கு டிரான்ஸ்பர் வந்திருச்சு, ராமேஸ்வரம் கிளப் எடுத்திருச்சு" என்றேன். கடையே சிரித்தது. நீ மட்டும் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "டிரான்ஸ்பர்னா கேட்டு வாங்கிறது. இத யாரு மச்சான் கேட்டா?" என்றாய். உனக்கு இங்கே பிரஜாவுரிமைப் பதிவு கிடைத்திருந்தது. உன் கூடப் பிறந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது நீ பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "தங்கராசு வாயில்லாத பய. அவனுக்காகக் கொஞ்சம் நீ சத்தம் போடுடா" என்றாய். அவ்வளவுதான். சத்தம் போடுவது எனக்குப் பெரிய வேலையா? "அது என் பொறுப்பு" என்றேன்.

நீ போன பிறகு கடையில் நான் எல்லா வாதத்திலும் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். எதிர்த்துப் பேச ஆளில்லை. நான் சொன்னால் நம் கிளப் தலைவர் ஹாஜியார் தலையாட்டுவார், அவர் தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள். என் புத்தி திடீரென்று தீட்டப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரன்!

இந்த வருடம் கோப்பை ஆட்டங்களில் ஃபைனல் வரை வந்துவிட்டோம். அப்போது போட்ட கூட்டத்தில்தான் அது நடந்தது. டீமில் மிஞ்சியிருந்த தோட்டத்துப் பையன்கள் தங்கராசுவும் இரத்தோட்டைப் பக்கத்து இருவரும் மட்டுமே. மற்ற உங்கள் பையன்களில் சிலர் கப்பலேறிவிட்டார்கள், சிலர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இந்த மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, போகிற தேதிதான் வரவில்லை. நான் எழுந்தேன்.

"மூணு பேருக்கும் டிரான்ஸ்பர் வந்தாச்சு. போற ஆளுக்கு என்னத்துக்கு எடம்? அந்த எடத்துக்குச் சம்பளம் குடுத்து மூணு கொழும்பு ஆளுகள எடுப்போம். கோப்பை நமக்குத்தான்!"

கை தட்டினார்கள் மச்சான். தங்கராசு பின்வரிசையில் இருந்தான். யாரோ அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து, எப்போதும்போல என்னை அண்ணன் முறை வைத்து, "ஹனிபா நானா சொல்றது சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்காகச் சத்தம் போட வேண்டியவன் நான். அவனோ எனக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்தான்.

கொழும்பு ஆட்கள் ஆட்டம் முடிந்த அன்றைக்கே போகிறவர்கள். அவர்களுக்குச் சம்பளம். தங்கராசு இந்த மலையில் பிறந்தவன், தேதி வரும்வரை இங்கேயே இருப்பவன். அவன் 'போகிற ஆள்'. இந்தக் கணக்கு ஏன் அன்றைக்கு என் தலையில் ஏறவில்லை? நீ இருந்திருந்தால் தலையைத் தூக்காமலே கேட்டிருப்பாய்.

ஃபைனல் நோன்புக்கு முன்னால் நடப்பதாக இருந்தது. மழை விட்டால்தானே! மைதானம் வயல் மாதிரி கிடந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் நோன்பு மாதத்துக்குள் போய் விழுந்தது. குருணாகல் டீம் லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கியது. ஹாஜியார் பழைய வழக்கப்படி, "இன்டைக்கு நம்மட நோம்பு டீம்தான் எறங்குது" என்று உற்சாகமாகச் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். நானும் நம் ஆட்களை ஒருதரம் பார்த்தேன்.

பதினொரு பேரும் நோன்பு! ரிசர்வ் இரண்டு பேரும் நோன்பு! கொழும்பில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் மூலமாக நான் பிடித்து வந்த மூன்று பேரும் நம் ஆட்கள்தான், அவர்களும் நோன்பு. உலகத்திலேயே முதன்முறையாக நோம்பு டீமில் நோன்பாளிகளை மட்டும் நிறுத்திய மேதை நான்தான்.

"பயணம் வந்தவங்களுக்கு நோம்ப விடச் சலுகை ஈக்கிதானே தம்பி" என்று ஹாஜியார் அந்த மூவரிடமும் கெஞ்சிப் பார்த்தார். அவர்களில் பெரியவன், "ஊரே நோம்போட நிக்கிது. நாங்க மட்டும் எப்பிடி ஹாஜியார் தண்ணி குடிக்கிற?" என்றான். நல்ல பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

முதல் பாதி எப்படியோ தாக்குப்பிடித்தோம். இடைவேளையில் நம் பையன்கள் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். அப்போதுதான் மேட்டுப் பக்கம் பார்த்தேன். தங்கராசு நின்றான். கக்கத்தில் பழைய பேப்பரில் சுற்றிய பொதி. அவனுடைய பூட்ஸ். டீமில் இல்லாதவன் அதை எதற்குத் தூக்கி வந்தான் மச்சான்? பழக்கத்திலா? இல்லை, இப்படி ஆகும் என்று தெரிந்தா?

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "எறங்கு தம்பி. நீ ஒருத்தன் நின்னாப் போதும்."

"எறங்குறேன் நானா." பொதியைப் பிரிக்கக்கூடக் குனிந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து கேட்டான். "எம் பேரு இருக்குங்களா?"

இல்லை. காலையிலேயே பெயர்கள் கொடுத்தாகிவிட்டது. ஓடிப்போய் ரெஃப்ரியிடம் சிங்களத்தில் மன்றாடிப் பார்த்தேன். பெயர் இல்லாத ஆளை இறக்க முடியாது என்று அவர் தலையை ஆட்டிவிட்டார். எத்தனை அலுவலகங்களில் உன் தம்பி இந்தப் பதிலைக் கேட்டிருப்பான்? அவன் பேப்பரை மறுபடி சுற்றிக் கட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எத்தனை கோல் என்று மட்டும் கேட்காதே. நம் பின்வரிசை நடந்துகொண்டுதான் இருந்தது, ஓடவில்லை. நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்ன இருந்தது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தோல்வியைப் பற்றி அல்ல. கோப்பை போனால் போகட்டும். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் தங்கராசுவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன், அது எனக்கு ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசி விசில் ஊதிச் சற்று நேரத்தில் அவனும் அந்த இரத்தோட்டைப் பையன்களும் பள்ளிவாசல் பக்கமிருந்து வந்தார்கள். கையில் நம் கிளப் வாளி, வாளி நிறையக் கஞ்சி. நோன்பு மாதத்து ஆட்டமென்றால் நீ செய்வாயே, அதே மாதிரி. உனக்குப் பிறகு அதை யார் செய்வது என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. அவன் யோசித்திருக்கிறான்.

பாங்கு சொன்னதும் அவன்தான் குவளையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தான். தன் இடத்தில் ஆடிய கொழும்புக்காரனுக்கு, "சுடுது, ஊதிக் குடிங்க அண்ணே" என்றான். எனக்கும் கொடுத்தான். வாங்கினேன். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவன், வாங்கிய கஞ்சியை அப்படியே கீழே வைத்துவிட்டேன் மச்சான். மேட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஹாஜியார் தோல்விக்கு அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் தங்கராசுவுக்குத் தேதி வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் ஜனம். கிளப்பிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். அவன் பெண்டாட்டி ரயில் கோச்சிக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு, கப்பலேற வேண்டிய தலைமன்னார் எவ்வளவு தூரம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் என் வாயில் வரவில்லை. ஊரிலேயே பெரிய வாய்க்காரன் தூண் மாதிரி நின்றேன்.

அவன்தான் ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். சிரித்தான்.

"டிரான்ஸ்பர் கெடச்சிருச்சு நானா."

கோச்சி நகர்ந்துவிட்டது.

வேலு, அவன் என்னைக் குத்திக் காட்டினானா? இல்லை, நான் சங்கடப்பட்டு நிற்பதைப் பார்த்து, என் பழைய பகிடியையே எடுத்து என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தானா? உனக்குத்தான் அவனைத் தெரியும். குத்தியிருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறேன். குத்தாமல் சொல்லியிருந்தால் அதை நான் எப்படித் தாங்குவது?

நேற்றுக் கடையில் அடுத்த சீசன் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இரத்தோட்டைப் பையன்கள் இருவரும் தேதி வராமல் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். "அதுகளும் டிரான்ஸ்பர்தானே, விட்டுத் தள்ளுங்க" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்துவிட்டு, அடுத்து நான் என்ன சொல்வேன் என்று என் வாயைப் பார்த்தார்கள். என் சொல், என் குரல் மாதிரியே இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். பேசாமல் வந்ததும் தப்புத்தான். அது தெரிந்துதான் ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். உன் தகர டின் இன்னும் உன் இடத்திலேயே கிடக்கிறது, யாரும் அதில் உட்காருவதில்லை. அன்றைக்கு நான் உட்காருவேன். போகிற நாள்வரைக்கும் அந்த இருவரும் நம் ஆட்கள், காலையில் கொடுக்கிற பெயர்களில் அவர்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று கத்துவேன். ஹனிபா நானா போன கூட்டத்தில் வேறு மாதிரி சொன்னாரே என்று யாராவது கேட்பார்கள். அந்த ஹனிபாவோடுதான் சண்டை போட வந்திருக்கிறேன் என்று சொல்வேன். இனி உன் பக்கத்தில் நின்று நானே என்னோடு சண்டை பிடிக்கிறேன். இது உனக்கு நான் தரும் இரண்டாவது வாக்கு. முதல் வாக்கைக் காப்பாற்றாதவன் தருகிற வாக்கு என்று தெரிந்தே தருகிறேன்.

உன் தம்பிக்குச் சத்தம் போடாமல் போன,
உன் மச்சான்
ஹனிபா