உங்கள் தங்கைக்கு மட்டும் சொல்ல வேண்டாம்

பேத்தியின் தாத்தாவான என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பேத்தி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

இங்கே சலவைக்கூடத்தில் எல்லாம் வழக்கம்போலத்தான். போன வாரம் விரிப்பு மடிக்கும்போது இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தேன். மேற்பார்வை பார்க்கும் அம்மா விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சோதனைக்குத் துளி சதை எடுத்திருக்கிறார்கள்.

"தையல் போட்ட இடம் சுருங்கினாலும் இப்படி ஆகும்மா. ஆனா வயித்துப் புத்துநோய் ஆபரேஷனுக்கு அப்புறமும் சில பேருக்குத் திரும்ப வரும். பாத்துடறது நல்லது," என்றார் டாக்டர். முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். போனில் சொன்னால் பேத்தி காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னதும் உங்கள் தங்கை ஞாபகம்தான் வந்தது. அன்றைக்கு என் வயிற்று ஆபரேஷன் முடிந்து நான் கண்மூடிக் கிடந்தபோது, "பாதி வயித்தை வெட்டிட்டா மட்டும் அது திரும்ப வராம போயிடுமாக்கும், அண்ணே?" என்று கேட்டாளே. எனக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சையும் உரித்து அவளே தின்றாள். நான் தூங்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பெரிய ஊக்கு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பாவாடை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. இங்கே விற்கிற ஊக்கு வளைந்துபோகிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. முடிவு நல்லபடியாக வந்தால் முதலில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லுங்கள். வேறு மாதிரி வந்தால் அவளிடம் மூச்சு விடாதீர்கள். நான் எப்படியும் ஊருக்கு வருவேன். வரும்போது அவள் ஆரஞ்சோடு நம் வாசலில் நிற்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரி