மேல் கண்ணாடி இல்லாத விளக்கு

மூணாறு
11-1-1977

அன்பு மகள் சந்தனமாரிக்கு அம்மா குருவம்மாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் தொட்டில் பிள்ளையும் சுகமாய் இருக்க மாரியாத்தாளை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆமைக்குப் போட்ட விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அணைத்துவிட்டு வா. நேற்றே அப்படித் தந்தி அடித்தோம், பதில் இல்லை. காரணம் தெரியாமல் மாப்பிள்ளை மறுபடியும் போட்டுவிடக் கூடாதே என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

நீ சின்னாற்றிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஆமையில் ஒன்றைப் பிலாய்க்குக் கொண்டுபோனாய், மற்றது எங்களோடு இருக்கிறது. இந்த மார்கழியில் வெயிலே இல்லாமல் அது சுருண்டு கிடந்ததும், அப்பா ஃபாக்டரியில் கழற்றிப் போட்ட மெர்குரி விளக்கைச் சோக்கோடு கேட்டு வாங்கி வந்து அடுப்படியில் மாட்டியதும், ஆமை மூன்றாம் நாளே தலையை நீட்டிக் கோஸ் இலை தின்றதும் முன்பே எழுதியிருந்தேன். மாப்பிள்ளையும் அதே மாதிரி ஒன்று கொண்டுவந்தார், தொட்டிலும் அந்த அறையில்தான் என்று நீ பதில் போட்டாய். அதுவரைக்கும் கெடுதல் ஒன்றும் இல்லை.

போன வியாழக்கிழமை தகரக் கூரையில் வேர்த்த தண்ணீர் சொட்டி, சூடாய் இருந்த விளக்கின் மேல் கண்ணாடி வெடித்துவிட்டது. உள்ளே இருந்த சின்னக் குழல் அணையாமல் எரிந்தது. அரிக்கேன் விளக்கிலேயே காலம் தள்ளியவள் நான். சிம்னி காற்றுக்குத்தானே, வீட்டுக்குள் எதற்கு என்று மிச்சச் சில்லையும் துணி சுற்றிப் பிடுங்கிவிட்டேன். வெளிச்சம் நீலம் பாய்ந்து பளிச்சென்று அடித்தது. கேட்டுட்டு வாறேன் புள்ள, இது சரியான்னு தெரியல என்று அப்பா சொன்னார். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு ஆளைக் கேக்கணும் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். அதோடு விட்டேனா, மேல் கண்ணாடியை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, மாப்பிள்ளையையும் எடுக்கச் சொல் என்று உனக்கு அன்றைக்கே கார்டு போட்டேன். அந்தக் கார்டு இன்றோ நாளையோ உன் கைக்கு வரும். அதில் உள்ளபடி செய்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா விளக்கடியில் உட்கார்ந்து பகல் முழுக்கக் கொழுந்துக் கூடைக்குப் பொத்தல் அடைத்தார். பொழுது சாய்ந்ததும் கண்ணில் மண்ணை வாரிப் போட்ட மாதிரி எரியுதென்று துடித்துவிட்டார். ஆமையைப் பார்த்தால் அதுக்கும் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடக்கிறது. கம்பவுண்டர் செபாஸ்டின் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். வெல்டிங் பிடிக்கிறவர்களுக்கு வருகிற எரிச்சல்தான், கண்ணைச் சுடுகிற கதிரைத் தடுக்கத்தான் மேல் கண்ணாடி வைத்திருக்கிறான், அது போனால் விளக்கே போன மாதிரி என்று திட்டினார். பெரியவர் கண் ஆறிவிடும், பச்சைப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆகுமென்று என்னால் சொல்ல முடியாது என்றார். 

ஆமை புகுந்த வீடு என்று பக்கத்து வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். ஆமை என்ன பண்ணிச்சு, அதுவும் எங்கூடத்தான கண்ணு மூடிக் கெடக்கு என்று அப்பா கட்டோடேயே பதில் சொல்கிறார்.

இனி நாற்பது வாட் சாதா பல்பு போதும். தண்ணீர் சொட்டாத இடமாய்ப் பார்த்துச் சுற்றிலும் கம்பிவலை கட்டு. ஆமை முதுகு வரும் உயரத்தில் உன் புறங்கையை வைத்துப் பார், கை பொறுக்காவிட்டால் பல்பை மேலே ஏற்று. ஒதுங்கிக்கொள்ள ஒரு நிழல் மூலை விடு, இரவில் அணைத்துவிடு. வெயில் வந்தால் விளக்கே வேண்டாம், வெளியே விடு. தொட்டிலை வேறு அறைக்கு மாற்று. பிள்ளை கண் சிவந்தாலோ, கண்ணைத் திறக்காமல் அழுதாலோ உடனே டாக்டரிடம் போ.

அப்பா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி, தந்தியா என்று கேட்கிறார். விளக்கைக் கொண்டாந்தது நான், தப்பு என்னோடதுன்னே எழுது, மக உன்னைக் கோவிச்சுக்கிட்டா நீ தாங்க மாட்ட என்றார். சரியென்று தலையாட்டினேன், கண் கட்டியிருக்கிற அவருக்கு அது தெரியாது. அவர் சொன்னபடி நான் எழுதவில்லை.

உன் பிள்ளை கண் நிறைய உலகத்தைப் பார்த்து வளர எங்கள் இருவர் ஆசீர்வாதம். விளக்கு அணைந்தது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் தந்தி அடி. கோபத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

உன் அம்மா,
சு. குருவம்மாள்