பிஸ்கட் டப்பா ரேடியோவில் கேட்டது

கொசப்பாளையம், ஆரணி
14-2-1984

அன்புள்ள மாமாவுக்கு,

தேவகி எழுதுவது. படவேட்டம்மன் புண்ணியத்தில் நானும் ரேணுகாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகம் எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை என் காதாலேயே கேட்டுவிட்டேன். உங்களுக்கு டி.பி. என்பதும், அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பதும், இப்போது அதை நிறுத்திவிட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையே எழுத உட்கார்ந்தேன். எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். அவ்வளவும் திட்டு. இன்றைக்குத் திட்டவும் தெம்பில்லை. முதலில் வீட்டுச் செய்தியை எழுதிவிடுகிறேன், அதற்குள் மனசு கொஞ்சம் அடங்கட்டும்.

தறியில் இருக்கிற சேலைக்கு இன்னும் முந்தி ஆரம்பிக்கவில்லை. கரைப் பக்கம் ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் ஓடாது. அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, என்ன சொல்ல முடியும்? மிதித்து மிதித்து எனக்கு வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. ரேணுகாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் கூரைமேல் எறிந்துவிட்டு, அப்பா வருவதற்குள் புதுப்பல் வந்துவிடுமா என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். பின்னாடித் தெருவில் பவர்லூம் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து கரண்ட் போகிற வரைக்கும் தடதடவென்று ஒரே சத்தம். கரண்ட் போனால்தான் தெருவே மூச்சு விடுகிறது.

இனி உங்கள் பிஸ்கட் டப்பா ரேடியோ விஷயம். பெங்களூருக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் சோறு தண்ணி இல்லாமல் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தீர்களே, அதுதான். வெளிநாட்டுச் செட் வாங்க வசதி இல்லாத புது ஆட்களும் ஆளுக்கு ஆள் ஆகாயத்தில் பேசிக்கொள்கிற இந்த அமெச்சூர் ரேடியோவைக் கேட்டுப் பழக வேண்டும், வீட்டில் கிடக்கிற சாமானிலேயே ஒரு செட் செய்து காட்டுகிறேன் என்று என் பிஸ்கட் டப்பாவை எடுத்து ஓட்டை போட்டீர்கள். ரேணுகாவின் டானிக் பாட்டிலைக் காலி செய்து, இதன்மேல் கம்பியைச் சுற்றினால் அதுதான் காயில், தறிக்கு நூல் தார் சுற்றுகிற கை உன் கை, மேலே மேலே ஏறாமல் நெருக்கமாகச் சுற்று என்று என்னிடம் கம்பியைக் கொடுத்தீர்கள். சுற்றிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது, ஏரியல் ஒன்றுதான் பாக்கி என்று பரண்மேல் ஏற்றிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

பொங்கலுக்கு வருவீர்கள் என்று இருந்தோம். லீவு கிடைக்கவில்லை என்று கார்டு போட்டீர்கள். அதைப் படித்துக் காட்டியபோது ரேணுகா, அப்பா எப்படிப் பேசும் என்று எனக்கு மறந்து போச்சு என்றாள். அது என்னை என்னவோ செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் ரேடியோ சங்கத்து அறையிலிருந்து சேலம் ராஜவேலு அண்ணனோடு பேசுவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். ஒரு தடவை நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்தானே அவர். சரி, பரண்மேல் இருப்பதை இறக்குவோம், ஏரியல்தானே இல்லை, அதையும் கட்டிவிட்டால் போகிறது என்று இறங்கினேன்.

அங்கேதான் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். கம்பிக்கு எங்கே போவது என்று யோசித்தேன். தறியடியில் மிச்ச ஜரிகை இருந்தது. ஜரிகை வெள்ளிதானே, செம்பைவிட வெள்ளி ஒசத்திதானே என்று கணக்குப் போட்டேன். துண்டு துண்டாக இருந்ததை இழை முடிச்சுப் போட்டு நீளமாக்கி, நம் ஓட்டு முனையிலிருந்து கெங்கம்மாள் வீட்டு முருங்கை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். வெயில் பட்டதும் பளபளவென்று தெருவே பார்த்தது. கெங்கம்மாள் வாயைப் பிளந்துகொண்டு, "இன்னாடி தேவகி, துணி காயப் போட ஜரிகையில கொடி கட்டிகினு கீற, உன் மாமனாரு புதையல் எதுனா வச்சிட்டுப் போனாரா?" என்று கேட்டாள்.

என் போதாத காலம், முதலாளி சுப்பராயலு அந்த நேரம் பார்த்துத் தறி பார்க்க வந்தார். மிச்ச ஜரிகை அவருக்குத் திரும்பிப் போக வேண்டியது என்று உங்களுக்குத் தெரியாதா? மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, ஊடு ஊடா நான் எடை போட்டுக் குடுக்கிறது காக்கா குந்தவா?" என்று கத்தினார். ரேடியோவுக்கு என்று சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். ஜல்தியாகச் சுற்றிக் கொடு என்று பக்கத்திலேயே நின்று, நான் இறக்கிச் சுற்றும் வரைக்கும் நகரவில்லை. அத்தனை அவமானப்பட்டும் அந்த ஜரிகையில் ஒரு சத்தமும் வரவில்லை மாமா. மோட்டார் காயில் கட்டுகிற இராஜமாணிக்கத்திடம் சொன்னபோது அவர் சிரி சிரி என்று சிரித்தார். ஜரிகைக்குள் இருப்பது பட்டு நூல், வெள்ளி மேலே சுற்றியிருப்பது, நாம் முடிச்சுப் போட்டால் நூலும் நூலும் சேரும், வெள்ளியும் வெள்ளியும் சேர்வது சந்தேகம் என்றார். பிறந்ததிலிருந்து கையில் புரள்கிற சாமான், இது எனக்குத் தோன்றவில்லை. எரிந்துபோன பவர்லூம் மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை அவரே கொடுத்தார். முனையை மட்டும் சுரண்டிக் கட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பவர்லூம் லீவு. தெரு அமைதியாக இருந்தது. டார்ச் பேட்டரி போட்டு, ஹெட்போனில் ஆளுக்கு ஒரு காது வைத்துக்கொண்டு நானும் ரேணுகாவும் உட்கார்ந்தோம். குமிழைத் திருகினால் ஊளை, திருகினால் ஊளை. எனக்கு வெறுத்துவிட்டது. விட்டுவிடலாம் என்று இருந்தபோது ஊளைக்கு நடுவில் நீங்கள் பேசினீர்கள். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. "அம்மா, அப்பா!" என்று ரேணுகா குதித்ததில் ஹெட்போன் கழன்றுவிட்டது.

சேலத்தில் ராஜவேலு அண்ணனோடு யாரோ புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு நீங்கள் இந்தச் செட்டைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். செட் வாங்கப் பணமில்லை என்று ஒதுங்காதீர்கள், டப்பாவும் டானிக் பாட்டிலும் இருக்கிறதா, பழைய கடையில் ஒரு ஹெட்போன் கிடைக்கிறதா, அது போதும் என்றீர்கள். அப்புறம், "காயில் மட்டும் பொறுமையா சுத்தணும். நம்ம ஊட்ல அவங்க சுத்திக் குடுத்தது கீதே, மிஷின்ல சுத்தனா கூட அப்படி வராது" என்றீர்கள். இதை என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு? ஊர் பேர் தெரியாத ஆட்களுக்குச் சொல்லி, அதை நான் திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

அதன் பிறகு நீங்கள் இருமினீர்கள். ரேணுகா, அப்பா இருமுது என்று சிரித்தாள். விடாமல் இருமினீர்கள். ராஜவேலு அண்ணன் குரல் சன்னமாகத்தான் கேட்டது. புது ஆளெல்லாம் போயாச்சு, சொல்லு வேணு, ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார். ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ரேணுகாவைக் கறிவேப்பிலை வாங்கி வா என்று கடைக்குத் துரத்தினேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லையென்று சாதிக்காமல் இருக்க வேண்டும் அல்லவா. "ஊசியை நிறுத்திட்டேன் ராஜவேலு. அது ஏற ஏறக் காதுல கொய்யினு ஒரே இரைச்சல். போன வாரம் நீ அடிச்ச மோர்ஸ் பாதிக்கு மேல புரியல. நெஞ்சு அது பாட்டுக்கு இருந்துகினு போவுது. காது பூட்சின்னா எனக்கு அப்புறம் இன்னா கீது?" என்றீர்கள். டாக்டரிடம் காது விஷயத்தைச் சொன்னாயா என்று அண்ணன் கேட்டதற்கு மழுப்பினீர்கள். வீட்டுக்கு எழுதினாயா என்றதற்கு, "தெரிஞ்சா பேஜாரு, பொங்கலுக்குக் கூடப் போகாத இருந்துட்டேன், கொயந்த கீது" என்றீர்கள்.

நான் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "ஊசி போட்டுக்கோ மாமா, ஊசி போட்டுக்கோ" என்று கத்தினேன். அது கேட்கிற செட், பேசுகிற செட் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கெங்கம்மாள் ஓடி வந்து, "இன்னாத்துக்குடி டப்பாவாண்ட கத்திகினு கீற?" என்று என் தோளைப் பிடித்தாள். சும்மா என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகாயத்தில் வாய்விட்டுச் சொல்கிறீர்கள். செட் வைத்திருக்கிற எத்தனை பேர் எந்தெந்த ஊரில் கேட்டார்களோ. அத்தனை பேருக்கும் தெரியலாம், கட்டினவளுக்குத் தெரியக் கூடாது. என்ன நியாயம் மாமா இது? கோபம் கூட இல்லை, அலுப்பாக இருக்கிறது. பொங்கலன்று உங்களுக்கென்று பொங்கல் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் அதை மாட்டுக்குப் போட்டேன். அங்கே எவளோ என்னவோ என்று கூட ஒரு நிமிஷம் கெட்டதாக நினைத்தேன். நீங்கள் பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்துகொண்டு அங்கே தனியாகக் கிடந்திருக்கிறீர்கள்.

உங்கள் காது உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் டக்கு டக்கு என்று அடித்து மோர்ஸ் என்கிற அந்தத் தந்தி பாஷையைப் பழகினீர்கள். நான் இதென்னடா பைத்தியம் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதேன். ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு மெட்ராஸ் போய்ப் பாஸ் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு நீங்கள் இருந்த மாதிரி வேறு என்றைக்கும் நான் உங்களைப் பார்த்ததில்லை, ரேணுகா பிறந்தபோது கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன். டாக்டரிடம் போய்க் காது இரைகிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வேறு மருந்து இருந்தால் மாற்றிக் கொடுப்பார். இல்லை, இந்த ஊசிதான் என்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். முள்ளிப்பட்டுப் பன்னீர்செல்வம் அண்ணனுக்கும் இதே வியாதிதான். ஆரணி பெரியாஸ்பத்திரியில் கடைசி வரைக்கும் மருந்து சாப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம். மற்றபடி காலையில் தறியில் இறங்கினால் பொழுது சாய்கிற வரைக்கும் ஏறுவதில்லை. அவர் பெண்டாட்டி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறாள், அவ்வளவுதான்.

நானும் சொல்கிறேன், இரண்டு தடவை இல்லை, பத்துத் தடவை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்குக் கத்திப் பேசவா தெரியாது? உங்களுக்குக் காது இல்லாவிட்டால் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கத்துகிறேன். அந்த டக்கு டக்கையும் வேண்டுமானால் கற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் அந்த டப்பாவில் நான் யாரைத் தேடுவது?

முந்தி முடிந்து சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் ரேணுகாவைக் கெங்கம்மாளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் புறப்பட்டு வருகிறேன். வராதே என்று எழுத வேண்டாம், நான் கேட்கப் போவதில்லை. டாக்டர் சொல்கிற வரைக்கும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் புருஷனைத் தனியாக வைக்க முடியாது.

அதுவரைக்கும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதீர்கள். காகிதத்தில் நீங்கள் நன்றாகப் பொய் சொல்கிறீர்கள். வீட்டு ஆளுக்கு ரேடியோவில் சேதி சொல்லக் கூடாது, அது சட்டம் என்று சொல்வீர்கள். சரி, எனக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராஜவேலு அண்ணனிடம் பேசும்போது அவருக்குச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள், ஊசி போட்டுக்கொண்டேன் என்று. பதினோரு மணிக்கு முன்னாலேயே நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊளைச் சத்தத்தில் எங்கேயாவது தவறிப் போகும், அதனால் கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவையும் சொல்லுங்கள் மாமா.

அம்மன் உங்கள் நெஞ்சைக் காக்கட்டும்.

இப்படிக்கு
உங்கள்
தேவகி