பதினாறு புள்ளி ஒன்பது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அவர் குடித்த பால் மறுபடி மூக்கு வழியே வந்தது. போன வருஷம் மேல் அண்ணத்தில் கட்டியோடு ஒரு துண்டை எடுத்த பிறகு, அந்த ஓட்டையை மூடப் போட்ட தகடு. ஒரு மாதமாக இறங்கி இறங்கி வருகிறது. பேச்சும் மூக்கால்தான். “பழசானா எதுவும் தளரத்தான் செய்யும்,” என்கிறார். தகட்டைச் சொல்கிறாரா, என்னையா?

மார்ச் 7, வெள்ளி

புதுத் தகட்டுக்கு அச்சு எடுத்து, லேபில் பிளாஸ்டரால் வாயின் மாதிரி ஒன்று வார்த்தார்கள். இப்போது அதைக் கையால் அளப்பதில்லையாம். ஒரு பெட்டிக்குள் வைத்தால் வெளிச்சம் சுற்றிவந்து, வாயை அப்படியே திரையில் காட்டுகிறது. ஓட்டையின் அகலம் 16.9 மில்லிமீட்டர். குறித்துக்கொண்டேன்.

வீட்டில் பழைய நோட்டைப் புரட்டினேன். போன வருஷ மாதிரியை அவருடைய பட்டறை வெர்னியர் அளவுகோலால் நானே அளந்தது 18.4. ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே போயிற்று?

மார்ச் 8, சனி

பழைய மாதிரியை அலமாரியிலிருந்து எடுத்து மூன்று தடவை அளந்தேன். 18.4 தான். அப்படியென்றால் மெஷின்தான் தப்பு.

“முப்பது வருஷம் லேத்துல நின்னவன் நான். இப்ப ஃபோர்மேன் நீயா?” என்று கிண்டல் வேறு.

மார்ச் 9, ஞாயிறு

பிரார்த்தனையில் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மெஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும் போதும்.

மார்ச் 10, திங்கள்

பழைய மாதிரியைத் துணியில் சுற்றி நான் மட்டும் எடுத்துப் போனேன். லேப்காரரிடம், “இதையும் உள்ள வைங்க சார். பதினெட்டு நாலு காட்டலைன்னா உங்க மெஷினைத் தூக்கிப் போடுங்க,” என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

வைத்தார். 18.42.

புது மாதிரியை என் வெர்னியரால் அளந்தேன். 16.9.

“பாத்தீங்களாம்மா, முடியில பாதிகூட பிசகாது—” என்று சிரித்தவர் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “இருங்கம்மா, டாக்டரைக் கூப்பிடறேன்,” என்று எழுந்து போனார்.

அளவு சரி. வாய்தான் மாறியிருக்கிறது. உள்ளே ஏதோ வளர்ந்து ஓட்டையைச் சுருக்கியிருக்கிறது. இதை வீட்ல அவர்கிட்ட எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது?

மார்ச் 19, புதன்

சதை எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரி முடிவு வந்துவிட்டது. அதே கட்டி. இனி அறுக்க இடமில்லையாம். சாப்பிடவாவது முடியட்டும் என்று தகட்டைப் புது அளவுக்கே செய்யச் சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் இவர், “வண்டியை எங்க விட்டோம்?” என்றார்.

மார்ச் 20

மெஷின்மேல் கோபம் ஆறவில்லை. சரியாகச் சொன்னதற்குத்தான் கோபம்.

மார்ச் 28, வெள்ளி

தகடு மாட்டினார்கள். ஒரு இடத்திலும் உரசவில்லை, தேய்க்கவும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு சொட்டு மூக்கில் வரவில்லை. லேப்காரருக்கு ஆஸ்பத்திரி முடிவை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. “அஞ்சு வருஷம் அசையாது, ஐயா,” என்றார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. “தாராளம் சார்,” என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.