இருட்டு வாசலில் நீ

இன்று காலை படகில் ஏறி உட்கார்ந்ததுமே சுக்கு வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் எழுதுகிறேன். கையெல்லாம் பெயின்ட். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நாளில்தான் எனக்கு ஓவியப் பித்து பிடித்தது. ஓய்வு கிடைத்தால் காயலைப் படம் எடுப்பேன். பிறகு ஸ்டுடியோவின் பின்னறையில் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து வரைவேன். முதல் பெரிய படம், கொச்சங்காடியில் நீ வேலை பார்த்த சுக்குக் கிடங்கு. காயல் பக்கத்துச் சுவர், பாசி, படகுகள், வெயில். வாசல் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. நீ வந்து, மூக்கு படத்தில் உரசும் அளவுக்குக் குனிந்து தேடினாய்.

"டேய், இந்த வாசலுக்குள்ள நின்னு நான் தோர்த்துத் துண்டை வீசினேன்ல? நீயும் படகுலேர்ந்து கை காட்டினே. எங்கடா நான்?"

போட்டோவில் அந்த இடம் கறுப்பாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன்.

"கேமராக்குத் தெரியலை, சரி. நீ கண்டியே."

சாயா வாங்கிக் கொடுத்து உன் வாயை அடைத்தேன். நீயோ அந்தப் படத்தையே கேட்டு வாங்கிப் போய் வீட்டுச் சுவரில் மாட்டி, அந்தக் கறுப்பு வாசலுக்குள் நீ நிற்பதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.

நாளை ஜூ டவுனில், அந்தப் பழைய யூதர் தெருவில், என் முதல் கண்காட்சி! அதே கிடங்கை மறுபடி வரைந்திருக்கிறேன். எல்லாம் முடிந்தும் வாசல் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. உன்னை அங்கே நிறுத்தாமல் அதை மாட்டுவதில்லை என்று எனக்குப் பிடிவாதம். போட்டோவைப் பார்த்து வரைந்தால் மறுபடியும் கறுப்புதான் வரும். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, படத்தோடு படகேறினேன். கிடங்கு வாசலுக்கு எதிரே படகைக் கட்டச் சொன்னேன்.

முதலில் வெறும் கறுப்பு. கண்ணை எடுக்காமல் இருந்தேன். மெல்ல ஒரு பழுப்பு வந்தது, பிறகு நீலம், சாக்குகள், தராசின் கொக்கி, மூலையில் ஒரு சிவப்பு வாளி. இருட்டுக்குள் இத்தனை நிறமா! நான் துள்ளிய துள்ளலில் படகு ஆடி, நீல பெயின்ட் முழுதும் என் வேட்டியில். படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். உன்னை வரைய மட்டும் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தி, இடது கையில் துண்டைக் கொடுத்தேன்.

மத்தியானம் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தாள். கண்காட்சி முடிந்ததும் இதை வைத்துக்கொள்ளம்மா, அந்தப் பழையதைக் கொடுத்துவிடு என்றேன்.

"இதைத் தாங்க அண்ணே, வாங்கிக்கிறேன். அதைத் தர மாட்டேன். அதுலயும் அவங்க இருக்காங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். திரும்பும்போது உன் கிடங்கு வழியாக நடந்தேன். தெருப் பக்கத்து வாசலும் இருட்டாகத்தான் இருந்தது. யார் பார்த்தால் என்ன என்று நின்று, கை காட்டிவிட்டு வந்தேன்.