தண்ணீருக்கடியில் எல்லைக்கல்

ஐப்பசி 12

விடியலிலிருந்து மழை. மண்டிக்கு வாழைத்தார் வண்டி ஒன்றுகூட வரவில்லை. இதையெல்லாம் முன்பே சொன்னவன் நான். ஆடியில் காவிரிக்குப் புதுத்தண்ணீர் வந்த அன்றே, அம்மா மண்டபம் படித்துறையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன், இந்த ஐப்பசியில் அரியமங்கலம் மிதக்கும் என்று. கேட்டவர்களே சாட்சி. (அதில் ஒருவர் காலமாகிவிட்டார்.)

மத்தியானம் தங்கை பாக்கியம் ஆள் விட்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, மார்க்கெட்டில் மாறி, அரியமங்கலம் போய்ச் சேர நாலு மணி. அவள் வீடு தஞ்சாவூர் ரோட்டுக்கும் ரயில் லைனுக்கும் நடுவில், பள்ளத்தில். மண்சுவர், ஓடு. புருஷன் போய் ஆறு வருஷம். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு கிடையாது. மகள் கமலா பிள்ளை பெற்று ஒன்பது நாள்.

கொல்லையில் கணுக்கால் தண்ணீர். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம். தெருத்தண்ணீர் எல்லாம் லைனுக்கு அடியிலுள்ள மதகு வழியாகத்தான் போக வேண்டும். மதகு வாய் அடைத்துக் கிடக்கிறது. மண், முள், வாழைமட்டை.

அந்த இடம் இப்படி: ஒரு பக்கம் லைன், டெல்லி சர்க்கார். எதிர்ப்பக்கம் ரோடு, மெட்ராஸ் சர்க்கார். நடுவில் வந்து விழும் சாக்கடை, பஞ்சாயத்து. மூன்று ராஜ்யம் முட்டிக்கொள்ளும் இடம்.

பஞ்சாயத்துத் தலைவர் முத்துக்கருப்பன் டீக்கடையில் இருந்தார். நாளைக் காலை பத்து ஆள், கடப்பாரை, அரை நாள் வேலை என்றார். அதெல்லாம் ஒப்பேற்றுகிற வேலை, டெல்லிக்கு எழுதினால் சிமெண்டிலேயே பெரிய மதகு கட்டிக் கொடுப்பான் என்றேன்.

"அண்ணே, நீங்க மண்டியில தார் எண்ணுங்க. சாக்கடையை நாங்க பாத்துக்கிறோம்."

கடை முழுக்கச் சிரிப்பு. சுருக்கென்றது.

"மதகு வாய்கிட்ட ரயில்வே எல்லைக்கல்லு இருக்கே, தெரியுமா?" என்றேன். "தைப் பொங்கலுக்குத் தங்கச்சிக்குச் சீர் கொண்டு வந்தப்ப நானே பாத்தேன். டெல்லி இடத்துல மண்வெட்டியை வச்சா விலங்குதான்."

சிரிப்பு நின்றது. போன வருஷம் லைன் ஓரம் மண் அள்ளிய வண்டிக்காரர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நெசமாப் பாத்தீங்களா?"

"அரை முழ உயரம். வெள்ளையடிச்சது."

நாளைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பேச்சுக்கு அவ்வளவு எடை.

ஐப்பசி 13

மழை விடவில்லை. மனு எழுதினேன். மூன்று நகல்.

1. ரயில்வே
2. ரோடு ஆபீஸ்
3. பஞ்சாயத்து

எட்டாவதோடு நின்றவன் எழுதியது என்று எவனும் சொல்ல முடியாது. 'மகாகனம் பொருந்திய' மட்டும் ஏழு இடத்தில். கல்லுக்குத் தனிப் பாரா: முழங்கால் உயரம், தலையில் இங்கிலீஷ் எழுத்து, நம்பர் 17. நம்பர் போட்டால்தான் ஆபீசில் மதிப்பார்கள்.

மூன்றையும் நேரில் கொடுத்தேன். ரயில்வே ஆபீசில் கிளார்க் எழுந்து நின்று வாங்கினார். (ஜன்னல் சாத்த எழுந்திருக்கவும் கூடும்.)

சாயங்காலம் கொல்லையில் முழங்கால் தண்ணீர். கமலாவையும் குழந்தையையும் ஸ்கூல் கட்டடத்துக்கு மாற்றினோம். பாக்கியம் வர மறுத்துவிட்டாள்.

"டெல்லிக்காரங்க வருவாங்கன்னு நீ சொல்லிட்டியே. நான் வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மண்டிக்கு ரெண்டு நாள் லீவு சொல்ல வேண்டும். குடைக்கம்பி ஒன்று போயிற்று.

ஐப்பசி 14

மழைக்கு லைன் பார்க்கிற ரயில்வே இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்கினார். கையில் என் மனு! தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"கல்லு எங்கய்யா?"

"தண்ணிக்கு அடியில இருக்குங்க."

"எங்க பிளான்படி லைன் கரை அடியோட எங்க எல்லை முடியுது. நீர் சொல்ற எடத்துல கல்லு இருந்தா மதகு வாய் எங்களது, நாளைக்கே ஆள் இறக்குறேன். இல்லேன்னா எங்களது இல்ல. தண்ணி வடியட்டும், பாத்துச் சொல்றேன்."

"அடைப்பு எடுத்தாத்தானே சார் தண்ணி வடியும்?"

"கல்லைப் பாத்தாத்தானே அடைப்பு யாருதுன்னு தெரியும்?"

டிராலி போய்விட்டது. மடக்க ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன், அதற்குள் போய்விட்டது.

பிறகு ரோடு இன்ஸ்பெக்டர், சைக்கிளில். மனுவை இரண்டு தடவை படித்தார்.

"ரயில்வே கல்லுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எங்க கூலியாளுங்களை அங்க இறக்கினா எந்த அதிகாரத்துலன்னு மேல கேப்பாங்க. ரோட்டுல குழி விழுந்தா சொல்லி அனுப்புங்க, வரேன். கையெழுத்து நல்லா இருக்குங்க."

கையெழுத்தைப் பாராட்டியது இவரோடு நாலாவது அதிகாரி.

தலைவர், பாக்கியம் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றார். "எனக்கும் மனசு கேக்கலம்மா. கேஸுன்னு வந்தா எம் பேருலதான் வரும். அண்ணன் தையில இங்க வந்தப்ப கல்லைப் பாத்தாராமே, நெசந்தானா?"

பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஐப்பசி 15

மழை சிறு தூறல். தண்ணீர் மட்டும் குறையவில்லை. மேட்டுத்தெரு தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. அடுப்படியில் இரண்டு சாண். கொல்லைச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. பனங்கட்டை இரண்டு முட்டுக் கொடுத்தோம். கையை வைத்தால் சுவர் சோற்று உருண்டை மாதிரி அமுங்குகிறது.

நீளமான மூங்கில் ஒன்று எடுத்துக்கொண்டு மதகு வாயில் இறங்கினேன். இடுப்பளவு. சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். எந்தக் கல்லாவது ஒன்று தட்டுப்படாதா. தெருவே ரோட்டில் நின்று வேடிக்கை.

"தட்டுப்படுதாண்ணே?"

"படுது, படுது."

பட்டது முள். இடது காலில் ஏறி ஒடிந்தது.

ஸ்கூலில் கமலா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். "மாமா, அம்மாவை எப்படியாவது வெளிய கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

போனேன். சொன்னேன்.

"நாளைக்கு வந்துருவாங்கன்னு நீதானே சொன்னே" என்றாள் பாக்கியம். முட்டுக்கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "முட்டு நழுவினா ஆள் வேணும்ல? இது விழுந்துச்சுன்னா நான் எங்க போவேன்? உன் வீட்டுக்கா?"

முட்டுக்கட்டையின் அடியில் ஒரு செங்கல்லை அணைத்து வைத்துவிட்டு வந்தேன். காபி குடிக்கவில்லை. கால் வீக்கம்.

ஐப்பசி 16

காலை ஏழு மணி. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூறல்.

கொல்லைச் சுவரின் தெற்கு மூலை விடியலில் சரிந்துவிட்டது. மாட்டுக் கொட்டகை ஓடு அத்தனையும் தண்ணீரில். பாக்கியம் உள்ளேதான் இருக்கிறாள். மிச்சச் சுவரின் முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு. இரண்டு பெண்கள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

தலைவர் பத்து ஆளைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தியிருக்கிறார். கடப்பாரை, மண்வெட்டி, கயிறு. ஒருவரும் இறங்கவில்லை. என் முன்னால் ஒரு முழுத்தாளை வைத்தார்.

"அண்ணே, கல்லைப் பாத்தது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். கல்லு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, இந்த நிமிஷமே ஆளை இறக்குறேன். இருக்குன்னா இருக்குன்னு எழுதுங்க. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போயிடறேன். ரெண்டுல ஒண்ணு."

முதலில் எழுதியது: மேற்படி கல்லானது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்று தாழ்மையுடன்...

தலைவர் படித்துவிட்டுத் திருப்பினார். "கல்லு போனாலும் எடம் அவங்களதுதானே?"

இரண்டாவது: கல் போன்ற ஒன்றை அந்தி வெளிச்சத்தில் தூரத்திலிருந்து...

"கல்லா, இல்லையாண்ணே?"

பத்துப் பேரும் என் பேனாவையே பார்க்கிறார்கள். பாக்கியம் வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வருகிறார். "முட்டு நழுவுதுங்க, முட்டு நழுவுது!"

மூன்றாவது, தலைவர் வாங்கிக்கொண்டு ஓடியது, நகல்:

மதகு வாயில் கல் எதுவும் இல்லை. நான் பார்க்கவும் இல்லை. போன தையில் தங்கைக்குச் சீர் கொண்டு நான் இந்த ஊருக்கே வரவில்லை. அது அவளுக்குத் தெரியும்.