அத்தானுக்கு மூன்று சொட்டு மஞ்சள்

அத்தான்,

அந்த ஸ்டூடியோக்காரன் கொடுத்த கவர் இன்றைக்குப் பீரோவில் அகப்பட்டது. பிரித்தால் உள்ளே நீங்கள் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருக்கிறீர்கள். தலைக்குப் பின்னால் நீல வானம், இரண்டு மேகம். உயிரோடு இருந்தவரை முகத்துக்குப் பவுடர்கூடப் போடாத மனுஷன், செத்தபிறகு சினிமா ஹீரோ ஆகிவிட்டீர்கள்.

உங்கள் தலைத் திவசத்துக்கு மாட்ட, ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கிவரச் சொல்லி அக்கா அனுப்பியிருந்தாள். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிரில் கடை. "சாஃப் கர்தியா அங்கிள், ஏக்தம் கோரா!" என்று பல்லைக் காட்டினான். கேட்காமலே வெளுத்துக் கொடுத்ததில் பெருமை வேறு அந்தப் பயலுக்கு. "கைக்கு கியா ரே? ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்று நான் போட்ட சத்தத்தில் முதல் பிளாட்பாரத்து ரயில் ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.

அக்கா படத்தைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"டேய், இது யாரோ. இந்த ஆளுக்கா நான் முப்பது வருஷம் காபி கலந்தேன்? நாளைக்குக் காலையில ஐயர் வந்துடுவார். எனக்கு என் மனுஷன் வேணும்."

வேறு வழி? உங்கள் ஓட்டைப் பிரிண்டரைத் தூசி தட்டினேன். ஒரு வருஷமாகச் சும்மா கிடந்ததில் கலர் கார்ட்ரிட்ஜ் காய்ந்துபோயிருந்தது. மை பாட்டில்கள் மட்டும் நீங்கள் வைத்த டப்பாவில் அப்படியே இருந்தன.

நீங்கள் மை ஊற்றுகிற லட்சணம் இருக்கிறதே! பேப்பர் விரிப்பு, கையுறை, பல்குச்சி. ஏதோ மூளை ஆப்பரேஷன் மாதிரி. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, மூன்று துளையிலும் பல்குச்சியை விட்டு, எதில் சிவப்பு, எதில் நீலம், எதில் மஞ்சள் என்று பார்த்து, அப்புறம் ஊசியில் சொட்டுச் சொட்டாக. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு மத்தியானம். அதற்குள் நான் போவன்பள்ளி மார்க்கெட்டில் நாலு லாரி தக்காளியை இறக்கி, விற்று, குளித்துவிட்டும் வந்துவிடுவேன்.

"உள்ளே இருக்கிறது ஸ்பான்ஜ், மாப்ளே. அது குடிக்கிற வேகத்துக்குத்தான் கொடுக்கணும்."

"குடிக்கிறதைப் பத்தி எனக்கே பாடமா, அத்தான்?"

உங்களுக்கு டிபன்ஸ் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம், பதினாறு வருஷப் படிப்பு. நான் மட்டும் என்ன குறைச்சல்? எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டினால் அதே பதினாறு.

இத்தனை பாடும் எதற்கு? உங்கள் மகள் ப்ரியாவின் ஜாதகத்தோடு வைக்கும் போட்டோவுக்கு. ஸ்டூடியோவில் கொடுத்தால் பெண்ணை வெளுத்துவிடுகிறான் என்று, அவள் எந்தக் கறுப்போ அந்தக் கறுப்பிலேயே வீட்டில் பிரிண்ட் எடுத்தீர்கள். பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாமல் ஸ்டூடியோவில் வெளுத்த படம் ஒன்றை போலாரத்தில் ஒரு மிலிட்டரி குடும்பத்துக்கு அனுப்பியதும் நான்தான். வந்தார்கள். பஜ்ஜி தின்றுகொண்டே பையனின் அம்மா, காபித் தட்டோடு நின்ற ப்ரியாவைப் பார்த்துக் கேட்டாள்:

"நீ தங்கச்சியாம்மா? படத்தில இருக்கிற அக்காவைக் கூப்பிடு."

வீட்டில் இருப்பது ஒரே பெண். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தாள். "எந்துக்கு மாமா?" ஏன் என்று தெலுங்கில் ஒரே கேள்வி. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

நீங்கள் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். அதற்கும் துப்பில்லை. "படத்துல இருக்கிறவளைப் பார்த்துக் கட்டிக்கிட்டு, நேர்ல இருக்கிறவளோட ஒருத்தன் எப்படி வாழுவான், மாப்ளே?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டீர்கள். கடைசியில் நீங்கள் வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்து வந்தவனைத்தான் ப்ரியா கட்டிக்கொண்டாள். அந்தச் சம்பந்தத்தை நான்தான் முடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மறுக்க நீங்கள் இல்லை.

சரி, திவசத்துக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். வெந்நீரில் கார்ட்ரிட்ஜின் அடியை நனைத்துத் துடைத்தேன். பிறகு பல்குச்சியாவது ஒன்றாவது என்று மூன்று துளையிலும் ஊசி நிறைய மையை ஒரே அழுத்து அழுத்தினேன். பொங்கி வழிந்து, ஒன்றின் மை இன்னொன்றில் இறங்கிவிட்டது. முதல் பிரிண்டில் நீங்கள் கோவைக்காய்ப் பச்சை. இரண்டாவதில் கத்தரிக்காய். மார்க்கெட்டே உங்கள் முகத்தில் வந்து இறங்கியது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு உளுந்தை ஊறப்போடப் போனாள். அந்தப் போக்குதான் என்னை என்னவோ செய்தது.

வெள்ளை முகம் வேண்டுமென்றால் மை சிந்தாமல் காகிதத்தைச் சும்மா விட்டால் போதும். உங்கள் கறுப்புக்கு மூன்று மையும் வேண்டும், மூன்றும் சுத்தமாக வேண்டும். கெட்டுப்போனது மஞ்சள். கலங்கிய மையை ஊசியால் உறிஞ்சி எடுத்தேன். புது மஞ்சள் விட்டேன், உறிஞ்சினேன், மறுபடி விட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பல்குச்சியும் வைத்துப் பார்த்தேன். கையுறை மட்டும் போடவில்லை. அவ்வளவு கீழே நான் இறங்கமாட்டேன். கடைசி மூன்று சொட்டை விட்டு, ஸ்பான்ஜ் குடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்!

வெளியே வந்தீர்கள், அத்தான். நல்ல செம்மண் கலந்த கறுப்பு. மூக்கு நுனியில் அந்த மினுக்கு.

அக்கா உளுந்து கழுவிக்கொண்டிருந்த கையோடு வந்தாள். உங்கள் கன்னத்தைத் தொட்டாள். ஈரம் பட்டதும் மை கரைந்து, உங்கள் கலர் அவள் விரலில் ஏறிவிட்டது.

"கையை எடு அக்கா! நாசமாக்கிட்டியே!"

"போடா. மாட்டுறதுக்கு இன்னொண்ணு எடு. இது எனக்கு."

அன்றைக்கு அவள் அந்தக் கையைத் தண்ணீரில் வைக்கவில்லை. உளுந்தை நான்தான் அரைத்தேன்.

இப்போது பாதி செகந்திராபாத் படத்துக்கு என்னிடம்தான் வருகிறது. சரி, உங்களிடம் எதற்குப் பொய், மூன்று வீடு. படத்தை வாங்கியதும் "நிஜத்தில் என்ன கலர் இருப்பார்?" என்று கேட்கிறேன். "கொஞ்சம் வெளுப்பாவே போடுங்க" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் புருஷன் படத்தோடு வந்த அம்மாளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பை விலக்கி, தன் முழங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"இதைவிட ஒரு பிடி கறுப்பு" என்றாள்.

நான் ஊசியை எடுத்தேன்.